செம்மை என்றால் சிவப்பு மட்டும்தானா?

ஞாயிற்றுக்கிழமை நடந்த தமிழ்ப் போட்டி விஷயம்தான். எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

'பர்ஃபெக்‌ஷன்' என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்ட இடத்தில் அந்தப் பிள்ளை 'செம்மை' என்று எழுதியிருக்கிறாள். நடுவர் குறுக்கே ஒரு கோடு போட்டு, "செம்மை என்றால் சிவப்பு. பூரணத்துவம் என்று எழுதியிருக்க வேண்டும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பெங்களூரில் பிறந்து, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்து, வீட்டில் பாட்டியிடம் தமிழ் எழுதக் கற்றுக்கொண்ட ஒன்பது வயதுப் பிள்ளை அது.

செம்மை சிவப்புதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. சிவப்பு மட்டும்தான் என்பது தப்பு. செங்கோல் என்ன, சிவப்புச் சாயம் பூசிய கோலா? கோணாத கோல். அதனால்தான் குறளில் செங்கோன்மையை அடுத்துக் கொடுங்கோன்மை வருகிறது. கொடு என்றால் வளைவு. 30ஆம் குறளின் 'செந்தண்மை'க்குச் சிவந்த குளிர்ச்சி என்றா பொருள் சொல்வீர்கள்? 2004இல் மத்திய அரசு தமிழைச் செம்மொழி என்று அறிவித்தபோது சிவப்பு மொழி என்றா புரிந்துகொண்டோம்?

என் அப்பா தச்சர். சிவாஜிநகரில் பட்டறை. பலகையை இழைத்து முடித்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்போடு பார்ப்பார், அப்புறம் மூலைமட்டம் வைப்பார். சரியாக இருந்தால் "செவ்வையா வந்துருச்சு". செம்மைதான் அவர் வாயில் செவ்வை. இல்லையென்றால் மறுபடி இழைப்புளி. பூரணத்துவம் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. ஒருமுறை பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மரக்குதிரை செய்தார். அடிக்கட்டை இரண்டும் வளைவு. அதற்கும் செவ்வை என்றார். "வளைஞ்சதை எப்படிப்பா செவ்வைன்னு சொல்றீங்க?" என்று கேட்டேன். "ஆடும்போது இடறலையே" என்றார். வெகுநாள் கழித்து 279ஆம் குறளைப் படித்தேன்: 'கணைகொடிது யாழ்கோடு செவ்விது'. அம்பு நேராக இருந்தும் கொடியது, யாழ் வளைந்திருந்தும் செவ்வியது. அப்பா குறள் படித்தவர் இல்லை.

"அப்போ பூரணம் தப்பா?" என்பீர்கள். தப்பில்லை. அது வடசொல், நிரம்பியது என்று பொருள். கொழுக்கட்டைக்குள் வைக்கிற பூரணமும் அதுதான். ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது, முழுக்கச் செய்து முடித்தது என்று பொருள். ஒன்று நிரம்பியதைச் சொல்கிறது, ஒன்று முடிந்ததைச் சொல்கிறது, நம் சொல் கோணல் இல்லாததைச் சொல்கிறது. சரி, மூன்றும் இருக்கட்டும். நம்முடையதை மட்டும் எதற்கு அடிக்க வேண்டும்?

"ஒரு மதிப்பெண்ணுக்கா இத்தனை?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். மதிப்பெண்ணைப் பற்றி நான் பேசவே இல்லை.

இன்னொருவர் சொன்னதுதான் வலிக்கிறது. பெங்களூர்த் தமிழே கன்னடம் கலந்ததாம், எங்களுக்குச் சொல்லாராய்ச்சி எதற்காம். கன்னடத்தில் சிவப்புக்குக் கெம்பு. நம் செவி அங்கே கிவி, நம் சேரி அங்கே கேரி. அதே வரிசையில் செம்மையின் 'செ' அங்கே 'கெ'. இந்த ஊரில் வளர்ந்ததால்தான் இது என் காதில் விழுந்தது. அல்சூர் ஏரிக்கரையில் 18 வருடம் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையை 2009இல் திறந்த அன்று அப்பாவோடு கூட்டத்தில் நின்றவன் நான். எங்களுக்குத் தமிழ் சும்மா கிடைத்துவிடவில்லை. தெருவிலும் பள்ளியிலும் இல்லாததை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம். அதைத்தான் நடுவர் ஒரு கோட்டில் அடித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அவள் கேட்டாள்: "மாமா, அப்போ பாட்டி சொல்லிக் கொடுத்தது தப்பா?" தப்பில்லைம்மா என்றேன். நம்பினாளா தெரியவில்லை. அந்தத் தாளைத் திருத்தி அவள் கையிலேயே கொடுக்கும்படி நடுவருக்கு எழுதியிருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை.