வாளை விடுங்கள், கிண்ணத்தைப் பாருங்கள்

ஆர்மீனியத் தலைநகர் யெரெவானின் ரயில் நிலையத்துக்கு எதிரே, அந்நாட்டுக் காவிய நாயகன் சசூன் தாவித்தின் சிலை இருக்கிறது. ஆர்மீனியா போய் வந்தவர்கள் போடும் படங்களில் எல்லாம் பாயும் குதிரையும் வாளும்தான் தெரியும். எனக்குப் பிடித்தது குதிரையின் காலடியில் இருக்கும் கிண்ணம். அதிலிருந்து தண்ணீர் வழிந்து கீழே குளத்தில் விழும்படி அமைத்திருக்கிறார் சிற்பி எர்வாந்த் கோச்சார். மக்களின் பொறுமை நிரம்பி வழிந்துவிட்டது என்று பொருள். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்போமே, அதேதான்.

தண்ணீருக்கு இன்னொரு உறவும் உண்டு. ஆர்மீனியர்களின் வாய்மொழிக் காவியத்தில் தாவித்தின் வம்சமே தண்ணீரில் தொடங்குகிறது. அவனுடைய கொள்ளுப்பாட்டி த்சோவினார் ஒன்றரைக் கை தண்ணீர் குடித்து இரட்டைப் பிள்ளைகளைப் பெறுகிறாள். மூத்தவன் சனசாருக்கு மின்னல் வாளும் கூர்கிக் ஜலாலி என்ற குதிரையும் நீருக்கடியிலிருந்துதான் கிடைக்கின்றன. சனசாரின் பேரன்தான் தாவித்.

சரி, அவன் சண்டை போடும் விதத்தைக் கேளுங்கள். எதிரி மெலிக்கை முதலில் மூன்று முறை அடிக்க விடுகிறான். தன் முறை வரும்போது மெலிக்கின் தாய் வந்து கெஞ்சுகிறாள். தாவித்துக்கும் பால் கொடுத்து வளர்த்தவள். அவளுக்காக ஓர் அடியை விடுகிறான், அவள் மகளுக்காக இன்னொன்றை. மூன்றாவதுதான் விழுகிறது. குழிக்குள் நாற்பது மாட்டுத்தோலையும் நாற்பது திரிகைக்கல்லையும் மேலே போட்டுக்கொண்டு பதுங்கியிருந்தவன் இரண்டு துண்டு! அப்புறம் எதிரிப் படையை வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறான். அதனால்தான் சொல்கிறேன், அந்தக் கிண்ணம் அலங்காரம் இல்லை, கதையே அதுதான்.

ஆனால் அதிகாரத்தில் இருப்பவர்களுக்கும் வாள் மட்டுமே கண்ணில் படும் போல. காவியத்தின் ஆயிரமாவது ஆண்டு விழாவுக்காக 1939இல் கோச்சார் 18 நாளில் ஜிப்சத்தில் ஒரு சிலை செய்தார். 1941இல் சோவியத் அதிகாரிகள் அவரைக் கைது செய்து சிலையையும் உடைத்துவிட்டார்கள். வாள் அண்டை நாடான துருக்கியை நோக்கி நீண்டிருந்தது என்பதுதான் குற்றமாம். ஜிப்சம் வாளுக்கே அவ்வளவு பயம்! 1959இல்தான் அவரே மறுபடி செம்பில் செய்து நிறுத்தினார். நாம் இப்போது பார்ப்பது அதை.

இவ்வளவு பேசுகிற நான் மட்டும் என்ன யோக்கியம்? அங்கே நின்று எடுத்த படங்களை நேற்றுத் தேடிப் பார்த்தேன். பதினோரு படம். பத்தில் வாள். ஒன்றில் கிண்ணம் இருக்கிறது, பாதி வெட்டுப்பட்டு, என் கட்டைவிரல் நிழலோடு.