மாலையா, மருந்தா?

போன வெள்ளிக்கிழமை கொழும்பு கோட்டையில் ஒரு பாரில் ஐந்து பேர் இருந்தோம். வெயிட்டர் தம்பி வந்தார். பியரை என் முன்னால் வைத்தார், உப்புப் போட்ட லைம் சோடாவை எங்கள் கந்தோர் அக்காவின் முன்னால் வைத்தார். பியர் அக்காவுடையது, சோடா என்னுடையது. அக்கா ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு கிளாஸையும் இடம் மாற்றி வைத்தார். தம்பிக்குத்தான் முகம் சுருங்கிப் போய்விட்டது.

அவரில் பிழை இல்லை. பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்று 1979இல் இந்த நாட்டில் ஒரு தடை வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தையே திரும்பப் பெற வைத்தார். கொழும்பு பார்களில் அந்தத் தடையை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது வேறு கதை. ஆனால் எந்தக் கிளாஸ் யாருக்கு என்று அரசாங்கமே ஒரு கருத்து வைத்திருக்கும்போது அந்தத் தம்பி வேறு எப்படி யோசிப்பார்?

நான் மதுவைத் தொட்டுப் பதினோரு கிழமை. ரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு ஏறியிருந்தது, ஸ்கானில் கொழுப்புத் தெரிந்தது. மூன்று மாதம் தொட வேண்டாம் என்று டொக்டர் சொன்னார், சரி என்று வந்துவிட்டேன். (தினமும் நிறையக் குடிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே சட்டென்று நிறுத்த வேண்டாம். கை நடுக்கத்தில் தொடங்கி வலிப்பு வரை போகும். வைத்தியரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.)

முதல் மூன்று கிழமை வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தேன். அந்த நாட்களில் சாராயத்தைப் பற்றி நினைத்தது குறைவு. ஹொட் பட்டர் கணவாய்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. நாலாம் கிழமை தாங்காமல் போய்விட்டேன். கணவாய் வந்தது. மேல் மாவு கண்ணாடி மாதிரி நொறுங்கியது, உள்ளே கணவாய் இன்னும் மெத்தென்று இருந்தது. வெங்காயத்தாளும் வட்ட வட்டமாக வெட்டிய காய்ந்த மிளகாயும் வெண்ணெயில் வதங்கித் தட்டின் அடியில் கிடந்தன. இந்தக் கடையில் எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறேன், அந்த மிளகாயை இப்போதுதான் பார்க்கிறேன். மூன்றாவது ரவுண்டுக்குப் பிறகு செருப்பைப் பொரித்துத் தந்தாலும் தின்றிருப்போம் போல.

பாரில் குடிக்காமல் இருப்பது கஷ்டமே இல்லை. கஷ்டம், ஏன் குடிக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான். எங்கள் ஆட்களிடம் இரண்டே இரண்டு காரணம்தான் செல்லும். ஒன்று சாமி: ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்க வேண்டும், அல்லது நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருக்க வேண்டும். அந்த 25 நாளும் நல்லூரிலிருந்து எவ்வளவோ தூரத்தில் வெள்ளவத்தையில் இருப்பவனும் தொட மாட்டான், அவனை ஒருவரும் வற்புறுத்தவும் மாட்டார்கள். மற்றது மருந்து. "அன்டிபயோட்டிக் எடுக்கிறேன்" என்றால் உடனே விட்டுவிடுவார்கள், என்ன வருத்தம் என்று பாசமாகவும் கேட்பார்கள். "சும்மா, இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். "என்னடா மச்சான், வீட்டில் ஏதும் பிரச்சினையா?" சும்மா என்பது ஏன் ஒரு காரணமாகாது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பாரில் உட்காருவதற்கு டொக்டரிடமோ சாமியிடமோ துண்டு வாங்கி வர வேண்டுமா?

போயா என்கிற பௌர்ணமி விடுமுறையன்று காலி வீதியில் நடந்து பாருங்கள். மதுக்கடை எல்லாம் பூட்டு. சாப்பாட்டுக் கடைகளில் இடம் கிடைக்காது, குடும்பம் குடும்பமாகச் சிரித்துக் கதைத்துக்கொண்டு இருப்பார்கள். மாதத்தில் ஒரு நாள் ஊரே செய்வதைத்தான் நான் மூன்று மாதம் செய்கிறேன்.

கடைக்காரர்களோடும் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. மெனுவில் மதுவுக்கு ஆறு பக்கம், எங்களுக்கு அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்திலும் முக்கால்வாசி நிறம் போட்ட சீனிப் பாணி, மேலே ஒரு குடை, பெயர் மொக்டெயில். ஈரல் கொழுப்புக்கு அதுவும் ஆகாது. கடைப் போத்தல் என்றால் 2016இலிருந்து நிறப் புள்ளி இருக்கிறது, 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. மொக்டெயிலுக்கு யார் புள்ளி குத்துவது? ஊரில் வில்வம்பூ இருக்கிறது, ஆவாரம்பூ இருக்கிறது, தெருவுக்குத் தெரு செவ்விளநீர் தொங்குகிறது. விளாம்பழத்தில் கொஞ்சம் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் குளிரக் குளிரத் தந்தால் நான் சாராய விலையே கொடுப்பேன்.

இனி பில்லுக்கு வருகிறேன். இதை எழுதத் தொடங்கியதே அதற்காகத்தான்.

எங்கள் மேசையில் எப்போதும் பில் சமபங்கு. அன்றைக்கு நான் குடித்தது இரண்டு லைம் சோடா. என் பங்கில் மற்றவர்களின் சாராயமும், அதற்கு மேல் 10 சதவீத சேவைக் கட்டணமும் 18 சதவீத வற் (VAT) வரியும் இருந்தன. மனதுக்குள் புறுபுறுத்துக்கொண்டு காசை எடுத்தபோது எதிரே இருந்த நண்பனைப் பார்த்தேன். முஸ்லிம். வாழ்க்கையில் ஒரு துளி தொடாதவன். பன்னிரண்டு வருடமாக எங்களோடு வருகிறான், ஸ்பிரைட் குடிக்கிறான், எங்கள் பகிடிக்குச் சிரிக்கிறான், வெறியில் இருப்பவனை ஓட்டோவில் ஏற்றிவிடுகிறான், சமபங்கு கட்டுகிறான். பன்னிரண்டு வருடம். நான் பதினோரு கிழமையில் புறுபுறுக்கிறேன்.

வெளியே வந்ததும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்தான்.

"கோழி ஹலாலா எண்டு ஒவ்வொரு முறையும் கேட்டுட்டு இருக்க ஏலாதே மச்சான். அதால கணவாய முழுக்க நான்தானே முடிக்கிற. கணக்குப் பார்க்கப் போனா நான்தான் உங்களுக்குச் சல்லி தரோணும்."

பொய். என் பங்குக் கணவாய் எப்போதும் எனக்குக் கிடைத்திருக்கிறது.

இந்த வெள்ளியிலிருந்து குடிக்கிற பில் தனி, சாப்பாட்டு பில் தனி என்று குரூப்பில் போட்டுவிட்டேன். மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருத்தன் மட்டும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறான். ஆகக் கூடக் குடிப்பவன் அவன்தான்.