ஆண்டு மலரில் பிள்ளைகளின் படம்: யாரைக் கேட்டுப் போடுகிறோம்?

பள்ளி ஆண்டு மலரில் பிள்ளையின் படம் போட ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்டால், "சேர்க்கைப் படிவத்திலேயே கையெழுத்து வாங்கிட்டோமே" என்பார்கள். எல்கேஜியில் போட்ட கையெழுத்து பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிச் செல்லும்? 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் எல்லோரும் குழந்தைகள்தான். அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்துப் பெற வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முழுமையாக அமலாக 18 மாத அவகாசம் உண்டு என்பதற்காக அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை.

ஒப்புதல் படிவத்தில் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: பெயர் போடலாமா, படம் போடலாமா, பிடிஎஃப்பிலும் வரலாமா? அச்சுப் புத்தகம் ஐந்நூறு வீட்டு அலமாரியோடு நின்றுவிடும். பிடிஎஃப் ஒரே இரவில் எங்கெங்கோ போய்விடும். பதில் வராத படிவத்தை "வேண்டாம்" என்றே கொள்ளுங்கள். மறுப்பவரிடம் காரணம் கேட்காதீர்கள். அடிக்கும் கணவனிடமிருந்து பிள்ளையோடு ஒதுங்கி வாழும் தாய், பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பதையே மறைக்க வேண்டிய நிலையில் இருக்கலாம்.

தகவல் அதிகம் கசியும் இடம் மலர் அல்ல, அதற்காக அனுப்பும் எக்செல். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தகவல் தளமான எமிஸில் இருந்து எடுத்த பட்டியலில் சாதி, ஆதார், பெற்றோரின் கைபேசி எண் எல்லாம் இருக்கும். வேண்டாத பத்திகளை மறைத்துவிட்டு அச்சகத்துக்கு அனுப்புகிறார்கள். மறைத்த பத்தியை ஒரே கிளிக்கில் திறந்துவிடலாம். புதிய கோப்பு ஒன்றில் பெயர், வகுப்பு, பிரிவு மூன்றை மட்டும் ஒட்டி அனுப்புங்கள். பிடிஎஃப்பில் பெயரின் மேல் கறுப்புக் கட்டம் வைப்பதும் இதே கதைதான், அடியில் எழுத்து அப்படியே கிடக்கும். பக்கம் வடிவமைக்கும் கோரல் டிரா மென்பொருளில், படத்தின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் பவர்கிளிப் போட்டு ஓரத்தில் நிற்கும் பிள்ளையை மறைத்தாலும் கோப்புக்குள் முழுப் படமும் இருக்கும். முதலில் படத்தையே வெட்டிச் சேமித்து, பிறகு பக்கத்தில் வையுங்கள்.

குரூப் போட்டோ எடுக்கும் முன் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். பல அட்டைகளில் வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும் இருக்கும். தரமான படத்தைப் பெரிதாக்கினால் படித்துவிடலாம். "நிற்பவர்கள் இடமிருந்து வலம்" என்று பெயர் வரிசை போடும் பழக்கத்தையும் விட வேண்டும். முகத்தையும் பெயரையும் முடிச்சுப் போடுவது அந்த வரிசைதான். பெயர்களை அகர வரிசையில் பக்கத்தின் அடியில் தொகுத்துக் கொடுத்தால் நினைவுக்குக் குறை வராது.

கவிதைக்கும் ஓவியத்துக்கும் பக்கத்தில் போட, பெற்றோர் வீட்டில் எடுத்த படத்தை அனுப்புவார்கள். தெளிவாக வரட்டும் என்று "வாட்ஸ்அப்ல டாக்குமென்டா அனுப்புங்க" என்பார் பக்கம் வடிவமைக்கும் டிடிபிக்காரர். கைபேசியில் இடக்குறிப்பு ஆன் செய்திருந்தால், அப்படிப் போகும் கோப்போடு வீடு இருக்கும் இடமும் போகும். வாங்கியதும் அந்தக் குறிப்பை அழித்துவிட்டு அச்சகத்துக்குக் கொடுங்கள்.

பிறந்தநாள் பட்டியல் வேண்டவே வேண்டாம். பொதுத்தேர்வு முடிவைப் பார்க்கப் பதிவெண்ணும் பிறந்த தேதியும் போதும். இரண்டும் ஒரே மலரில் இருந்தால், யாருடைய மதிப்பெண்ணையும் யாரும் பார்த்துவிடலாம். "உதவித்தொகை பெற்றவர்கள்", "பெற்றோரை இழந்த மாணவிக்கு உதவி" போன்ற தலைப்புகளும் வேண்டாம். உதவி வாங்கியதற்காக ஒரு பிள்ளை ஊரறிய நிற்கக் கூடாது.

நாற்பது சிறு படங்களுக்கு நடுவே இரண்டு வெற்றுக் கட்டம் விட்டு "படம் இல்லை" என்று போடுவது எனக்குப் பிடிக்காத வேலை. மறுத்த பிள்ளையை அது இன்னும் எடுத்துக்காட்டும். அந்த வகுப்புப் பக்கத்தையே முகமில்லாமல், எல்லோருடைய கையெழுத்தாலும் ஓவியத்தாலும் நிரப்புங்கள். பிள்ளைகள் படத்தைவிட அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.

அச்சகத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். வேஸ்ட் ஷீட்டையும் புரூஃபையும் எண்ணி வாங்கிக் கிழித்துவிடுங்கள். பழைய பேப்பர் கடைக்குப் போனால் அந்த முகங்கள் வேர்க்கடலைப் பொட்டலமாகத் திரும்பி வரும். வேலை முடிந்த 30 நாளில் கணினியிலும் பென் டிரைவிலும் இருப்பதை அழித்ததாகக் கையெழுத்து வாங்குங்கள். போட்டோகிராபர் தன் பக்கத்தில் விளம்பரமாகப் போடக் கூடாது என்பதையும் அதே தாளில் சேருங்கள். கடைசிப் பாக்கிப் பணத்தை அதன் பிறகு கொடுங்கள்.