பேசினால்தான் ஆறுமா?

"மனசுவிட்டுப் பேசு, பாரம் குறையும்" என்று அறிவுரை சொல்லாத ஆளே நம் ஊரில் இல்லை. பலருக்குக் குறைகிறது, மறுக்கவில்லை. ஆனால் சிறுவயதில் அடி வாங்கியவர்கள், சீண்டப்பட்டவர்கள், வீட்டுக்குள்ளேயே பயந்து பயந்து வளர்ந்தவர்கள் என எல்லோரையும் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து "முதல்லேருந்து சொல்லுங்க" என்று கேட்டால் சரியாகிவிடும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். கவுன்சலர் நல்ல மனுஷி. ஆனால் அவர் பேச்சை எடுத்ததுமே எனக்குத் தொண்டை அடைக்கும், கை சில்லிட்டுப் போகும். அப்புறம் ஆபீஸ் கதை எதையாவது பேசி நேரத்தை ஓட்டிவிடுவேன். இது பிடிவாதம் இல்லை. சின்ன வயதில் நடந்தது பலருக்கும் வார்த்தையாகப் பதிவதில்லை. செருப்புச் சத்தமாக, ஒரு வாசனையாக, வயிற்றைப் பிசையும் பயமாகத் தங்கிவிடுகிறது. வளர்ந்த பிறகு அதைக் கோர்வையாகச் சொல்லச் சொன்னால் எங்கிருந்து வரும்?

அதனால் கண் அசைவை வைத்துச் செய்யும் மனசிகிச்சையான இஎம்டிஆர் (EMDR) பக்கம் போனேன். அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷபீரோ 1980களின் இறுதியில் உருவாக்கிய முறை இது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் பிடிஎஸ்டிக்கான (PTSD, பெரிய அதிர்ச்சிக்குப் பிறகும் விடாமல் தொடரும் மனப் பாதிப்பு) தன் வழிகாட்டுதலில் குழந்தைகள், பெரியவர்கள் இரு தரப்புக்கும் இதைப் பரிந்துரைத்தது. எடுத்த எடுப்பில் காயத்தைத் தொடமாட்டார்கள். பதற்றம் வந்தால் மனதுக்குள் போய் நிற்க ஒரு பத்திரமான இடத்தை முதலில் பழக்குவார்கள். எனக்கு அது பாட்டி வீட்டு மொட்டைமாடி, காயப்போட்ட வடகத்தோடு சேர்த்து. பிறகு அந்த நினைவின் ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு உறுத்துகிறது என்று 0 முதல் 10 வரை மார்க் போடச் சொல்வார்கள். தெரபிஸ்ட் இரண்டு விரல்களை இடமும் வலமுமாக ஆட்டுவார், கண்ணால் தொடர வேண்டும். நிறுத்திவிட்டு "இப்ப என்ன வருது?" என்பார். "தோள் இறுக்கமா இருக்கு" என்றால் போதும், அடுத்த சுற்றுக்குப் போய்விடுவார். முழுக்கதையும் கேட்கமாட்டார்.

விரலை ஆட்டுவதால்தான் குணமாகிறதா, நினைவைத் துணையோடு எதிர்கொள்வதாலா என்று ஆய்வாளர்களிடையே இன்னும் சண்டை ஓயவில்லை. அது அவர்கள் பாடு.

நம் மக்களிடமே நடந்த ஓர் ஆய்வு உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு, ஏற்கெனவே போரில் நொந்துபோயிருந்த இலங்கையின் வடகிழக்கில், முகாமிலிருந்த 31 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் நடந்ததைக் கதையாகச் சொன்னார்கள். மற்றவர்களுக்குத் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும். இருவருக்கும் ஆறு அமர்வுகள்தான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் குழுவில் 81 சதவீதம், இரண்டாவதில் 71 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள். சின்ன ஆய்வுதான். ஆனாலும் பேசாத குழந்தைகள் அப்படியே தேங்கிப்போய்விடவில்லையே!

யோகாவும் உதவுகிறது, எல்லா யோகாவும் அல்ல. ட்ராமா, அதாவது ஆறாத மனக்காயம், உள்ளவர்களுக்கென்றே வடிவமைத்த வகுப்பில் ஆசிரியர் உங்களைத் தொடமாட்டார், அதட்டமாட்டார், "விருப்பம் இருந்தால் கையைத் தூக்கிப் பாருங்கள்" என்பார். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அப்படிப் பத்து வாரம் செய்த 31 பெண்களில் 16 பேர் பிடிஎஸ்டி வரையறையிலிருந்தே வெளியே வந்திருந்தார்கள். சாதாரண வகுப்பில் இருட்டறையில் கண்ணை மூடிச் சவாசனத்தில் படுக்கச் சொல்லி, மாஸ்டர் வந்து தோளை அழுத்தினால் என்ன ஆகும்? பாதிக்கப்பட்ட பெண் அப்படியே உறைந்துபோவாள்.

எனக்குக் கோபமெல்லாம், உள்ளே இருக்கும் காயப்பட்ட குழந்தையை ஆற்றுகிறோம் என்று நடத்தும் வார இறுதி "இன்னர் சைல்ட் ஹீலிங்" முகாம்கள் மேல்தான். ஐம்பது பேரை ஒரு ஹாலில் சேர்த்து, பாட்டுப் போட்டு, கதற வைத்து, ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சான்றிதழோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். திங்கட்கிழமை ராத்திரி தூக்கம் வராமல் தவிப்பவரின் போனை எடுக்க அங்கே யாரும் இல்லை. ஆகவே யாரிடம் போனாலும் முதலிலேயே கேளுங்கள்: உங்கள் படிப்பு என்ன, இதில் எங்கே பயிற்சி எடுத்தீர்கள், பாதியில் நான் உடைந்துபோனால் என்ன செய்வீர்கள்? மூன்றாவதற்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம்.

மருந்து சாப்பிடுபவர்கள் இதை நம்பித் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். தற்கொலை எண்ணம் வந்தால் முதலில் மனநல மருத்துவர், மற்றதெல்லாம் அப்புறம். எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு ஒன்றிய அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். அதுவும் பேச்சுதானே என்பீர்கள். கதையெல்லாம் சொல்ல வேண்டாம், பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் பார்க்கலாம் என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடலாம்.