விளக்கப் பலகையைக் கழற்றிவிட்டு கியூஆர் கோடு ஒட்டாதீர்கள்!

அருங்காட்சியகத்துக்குச் சிலையைப் பார்க்கப் போகிறோமா, போனை நோண்டப் போகிறோமா? கண்ணாடிப் பேழைக்குள் அருமையான ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது, எந்தக் காலத்தது, எங்கே கிடைத்தது என்று பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை, ஒரு கியூஆர் கோடு மட்டும் ஒட்டியிருக்கிறார்கள்.

சரி என்று ஸ்கேன் செய்தால் ஆப்பை இறக்கு என்கிறது. கனத்த சுவருக்குள் சிக்னல் எங்கே கிடைக்கும்? அங்கே இருக்கும் வைஃபையைத் தொட்டால் போன் நம்பர் கேட்கிறது, ஓடிபி அனுப்புகிறேன் என்கிறது, அந்த ஓடிபி வருவதற்கும் சிக்னல்தானே வேண்டும்! இதையெல்லாம் யாராவது ஒருவர் அந்தக் கூடத்தில் நின்று சோதித்துப் பார்த்தார்களா? எப்படியோ உள்ளே போனால், முன்பு பலகையில் இருந்த அதே நாலு வரிதான் வருகிறது. வயிறு எரிகிறது.

அந்த ஆப்பில் ஒரு வரைபடம் வேறு. கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் சரியாக எடுக்காது என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்காகத்தான் கூடத்துக்குக் கூடம் புளூடூத் பீக்கன், அதாவது நாம் எந்தக் கூடத்தில் நிற்கிறோம் என்று போன் கண்டுபிடிக்கச் சிக்னல் அனுப்பும் குட்டிக் கருவி, வைக்கிறார்கள், அதுவும் பேட்டரியில் ஓடுவது, மாற்ற ஆள் இல்லாவிட்டால் நீங்கள் நிற்பது ஓர் இடம், அது காட்டுவது வேறோர் இடம்.

1952இலேயே ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் சிற்றலை வானொலி மூலம் விளக்கம் கேட்க வைத்தார்கள். கேட்கும் கருவியை அவர்களே கையில் கொடுத்தார்கள். இப்போது போன் நம்முடையது, டேட்டா நம்முடையது, சார்ஜும் நம்முடையது. சாதாரண போன் வைத்திருக்கும் ஒரு பெரியவர் வந்தால் அவருக்கு ஒன்றுமே இல்லை, அவரும் டிக்கெட் வாங்கித்தானே வந்தார்?

போனே வேண்டாம் என்று சொல்லவில்லை. சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் 2017இல் ஒரு எஸ்எம்எஸ் சேவை நடத்தியது. 'சென்ட் மீ' என்று எழுதி, கடல் என்றோ நீலம் என்றோ சேர்த்து அனுப்பினால், அவர்கள் சேகரிப்பிலிருந்து பொருத்தமான ஒரு படைப்பின் படம் திரும்பி வரும். ஆப் கிடையாது, பதிவு கிடையாது. பார்வைக்கு வைக்க இடமில்லாமல் கிடங்கில் கிடக்கும் படைப்புகள்கூட இப்படி ஆட்களிடம் போய்ச் சேர்ந்தன. போனை வைத்து இதைச் செய்யலாமே!

எனக்கு ஆறவே ஆறாதது இன்னொன்று. பார்வையற்றவர்களுக்குத்தான் இந்த ஆப் உண்மையிலேயே பெரிய உதவி, சிலையின் வடிவத்தை, நிற்கும் தோரணையைக் குரலில் வர்ணித்துச் சொல்ல முடியும். ஆனால் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரைப் போட்டால் பல ஆப்களில் "பட்டன், பட்டன், பட்டன்" என்றுதான் கேட்கிறது, எதற்கும் பெயர் வைக்கவில்லை. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஆப் இல்லாமல் நேராகத் திறக்கும் பக்கமாகப் போடுங்கள், ஓடிபி கேட்காத வைஃபை கொடுங்கள், அப்புறம் கழற்றிய பலகைகளை எல்லாம் பெரிய எழுத்தில் திரும்ப மாட்டுங்கள்.