கம்பளிக்குள் ஒரு மானிட்டர்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கம்ப்யூட்டர் திருத்தும் கடை. அடையாள அட்டை நகல் எடுக்கப் போனவன், மழை பிடித்துக்கொண்டதால் அங்கேயே ஒதுங்கி நின்றேன். உள்ளே ஒரு மாமாவும் மருமகனும். பேசியது அவர்கள், கொஞ்சம் உப்புப் புளி சேர்த்தது நான்.

மருமகன்: வாங்க மாமா. போன வாரம்தானே மானிட்டரைக் கொண்டுபோனீர்கள்?

மாமா: அதேதான் மருமகனே. இங்கே ஜோராக எரிகிறது, மஸ்கெலியா போனதும் கண்ணை மூடிக்கொள்கிறது. பஸ் வளைவில் அதற்கும் தலை சுற்றுமோ என்னவோ.

மருமகன்: அதுக்கு ஏன் கம்பளி?

மாமா: சீசன் இல்லையா, சிவனொளிபாதமலைக்குப் போய்விட்டுத் திரும்புகிற கூட்டம். இடி படாமல் இருக்கக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, பிள்ளைக்கு மூச்சு முட்டப் போகிறது என்று கம்பளியை விலக்கிப் பார்த்து, முகம் கறுத்துப்போய்க் கிடக்கிறதே என்று அலறிவிட்டார். நோர்வூட்டில் பஸ்ஸையே நிறுத்திவிட்டார்கள்.

(மருமகன் மானிட்டரைக் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டுகிறான். பளிச்சென்று படம் வருகிறது.)

மருமகன்: பாருங்கள், நன்றாகத்தானே இருக்கிறது.

மாமா: உன் அத்தை மாதிரியே. வீட்டில் ராத்திரி பூராவும் இருமுவாள், டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் ஒரு இருமல் வராது.

மருமகன்: வீட்டில் போடும்போது பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரிகிறதா?

மாமா: செம்மஞ்சளாக முழித்துக்கொண்டு இருக்கிறது.

மருமகன்: அப்போ மானிட்டருக்குக் கரண்ட் போகிறது, படம்தான் போகவில்லை. விளக்கே எரியாவிட்டால்தான் பிளக்கைப் பார்க்க வேண்டும்.

மாமா: கரண்ட் எப்படிப் போகாமல் இருக்கும்? கரண்ட் எடுக்கக் கட்டிய மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா டவுனையே தண்ணீருக்குள் விட்டவர்கள் நாங்கள். இந்தப் பெட்டிக்குக் கொஞ்சம் தராவிட்டால் எப்படி?

மருமகன்: திரையில் ஏதாவது எழுத்து வருகிறதா?

மாமா: சிக்னல் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு நொடி வந்துவிட்டு ஓடிவிடும். எங்கள் பக்கம் சிக்னல் ஒரு கோடுதானே, அதனால் நானே மானிட்டரைத் தூக்கிக்கொண்டுபோய் ஜன்னல் திட்டில் வைத்துப் பார்த்தேன். கோயில் மேட்டுக்கும் கொண்டுபோகலாம் என்றுதான் இருந்தேன், வயர் எட்டவில்லை.

மருமகன்: ஐயோ மாமா, அது போன் சிக்னல் இல்லை. சீபியூ பெட்டியிலிருந்து வயர் வழியாக வருகிற படத்தைத்தான் சிக்னல் என்கிறது. சரி, போன வாரம் சொன்னதெல்லாம் செய்தீர்களா? இருட்டில் டோர்ச்சைச் சரித்து அடித்துப் பார்க்கச் சொன்னேனே, திரைக்குப் பின்னால் இருக்கிற வெளிச்சம் போயிருந்தால் படம் மங்கலாகத் தெரியும் என்று.

மாமா: அடித்தேன். என் முகம்தான் தெரிந்தது. நானே பயந்துவிட்டேன்.

மருமகன்: ராம் என்கிற மெமரித் துண்டைக் கழற்றி, அதில் தங்க நிறத்தில் பல் பல்லாக இருக்குமே, அதை அழிறப்பரால் தேய்க்கச் சொன்னேன்.

மாமா: சீதா எலியவில் சீதை அம்மனைக் கும்பிட்டு வந்த கையால் ராமைக் கழற்ற மனம் வருமா? அதனால் திரையை மட்டும் தேய்த்தேன்.

மருமகன்: திரையையா! எதால்?

மாமா: அழிறப்பரால்தான். பாதி அழிறப்பர் தேய்ந்துவிட்டது, கறுப்பு கொஞ்சம்கூடப் போகவில்லை. அதை விடு, உண்மையான பழுதை நான் கண்டுபிடித்துவிட்டேன். அந்த நீல மூக்கு வயர் இருக்கிறதே, அதில் 15 ஓட்டைக்கு 14 ஊசிதான் இருக்கிறது. ஒன்றை யாரோ உருவிவிட்டார்கள்.

(கடைப் பையனைப் பார்த்த பார்வையில் அந்த யாரோ யார் என்று எனக்கே விளங்கியது.)

மருமகன்: பல வயரில் 9-வது ஊசி வைக்காமலேதான் வரும் மாமா. இதோ, கடை வயரை எண்ணிப் பாருங்கள்.

மாமா: (எண்ணிவிட்டு) இதிலும் உருவிவிட்டார்களே!

மருமகன்: மாமா, முதல்முதலில் எப்போது கறுத்தது? அன்றைக்கு என்ன செய்தீர்கள்?

மாமா: ஒன்றும் செய்யவில்லை. பின்னேரம் இடி முழக்கம், சித்திரை மாதத்து இடிதான் தெரியுமே, அதனால் எல்லா வயரையும் பிடுங்கிவைத்தேன். மழை விட்டதும் மாட்டினேன். அவ்வளவுதான்.

மருமகன்: பிடுங்கியது சரி. மாட்டியது எங்கே? உங்கள் பெட்டியின் பின்பக்கம் நீல வாய் இரண்டு இருக்கும். ஒன்று மேலே, யூஎஸ்பி ஓட்டைகளுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும், அது பெட்டியின் மெயின் பலகையான மதர்போர்ட்டோடது. இன்னொன்று கீழே படுத்துக் கிடக்கும், அது பேரனுக்காகப் பிறகு போட்ட கிராபிக்ஸ் கார்ட், படத்துக்கென்றே உள்ள தனிப் பலகை. அந்தக் கார்டைப் போட்டால் நிறைய மெஷினில் மேலே உள்ளது வேலை செய்யாது. வயர் இப்போது எதில் இருக்கிறது? அத்தைக்கு ஒரு கோல் எடுங்கள்.

(மாமா போனைக் காதில் வைத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போகிறார். பேச்சைவிடக் கேட்பதுதான் அதிகமாக இருந்தது. திரும்பி வரும்போது முகம் மானிட்டர் நிறத்தில் இருந்தது.)

மாமா: மேலே உள்ளதில்தான் இருக்கிறதாம்.

மருமகன்: ஏன் மாமா அதில் மாட்டினீர்கள்?

மாமா: முப்பது வருடம் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவன் நான். துரை பங்களா மேட்டில், தொழிலாளர் லயம் பள்ளத்தில். முக்கியமானது மேலேதான் இருக்கும் என்று நினைத்தேன். கீழே படுத்துக் கிடப்பதில் என்ன பெரிய வேலை நடந்துவிடப் போகிறது?

மருமகன்: வேலையெல்லாம் லயத்தில்தான் மாமா நடக்கிறது. அப்போ போன வாரமும் இங்கிருந்து கொண்டுபோய்...

மாமா: அதே மேல் வாயில்தான் மாட்டினேன். திருகாணியையும் நன்றாக முறுக்கிவிட்டேன்.

மருமகன்: சரி, போனதும் பெட்டியை அணைத்துவிட்டு வயரைக் கீழே மாற்றுங்கள், படம் வந்துவிடும். மேல் வாயில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள், அடுத்த இடிக்குக் குழப்பம் வராது. இதற்குக் காசு வேண்டாம்.

மாமா: காசு வேண்டாம் என்று சொல்லாதே, பில் போடு. பில் இல்லாமல் நான் வீட்டுக்குள் போக முடியாது.

மருமகன்: ஏன்?

மாமா: கீழே மாட்டுங்கள் என்று உன் அத்தை அன்றைக்கே சொன்னாளாம். இப்போது போனிலும் அதைத்தான் மூன்று தரம் சொன்னாள்.

மருமகன்: சரி, பில்லில் என்னவென்று எழுதட்டும்?

மாமா: மானிட்டருக்குள் பனி புகுந்திருந்தது, எடுத்துவிட்டோம் என்று எழுது. கொஞ்சம் கூடுதலாகவே போடு.