ஒக்கவாங்கோ: முதலில் தண்ணீரைக் கேளுங்கள், அறை அப்புறம்

போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ டெல்டாவுக்குப் போகத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் காட்டுவது அறையின் படத்தைத்தான். மரத்தளம், கான்வாஸ் சுவர், வெளியே குளியல் தொட்டி, எதிரே ஒரு யானை. ஆளுக்கு ஓர் இரவுக்கு 2,000 டாலரைத் தாண்டும் இடங்கள் அங்கே உண்டு. அந்தக் காசுக்கு அறை எங்கேயும் நன்றாகத்தான் இருக்கும். அட்வான்ஸ் கட்டும் முன் கேட்க வேண்டியது வேறு: நான் போகும் மாதத்தில் இந்த கேம்ப்பைச் சுற்றித் தண்ணீர் எவ்வளவு நிற்கும்? (அங்கே கேம்ப் என்றுதான் சொல்கிறார்கள். லாட்ஜ் என்றால் நமக்கு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருப்பது ஞாபகம் வரும், அதனால் நாமும் கேம்ப் என்றே வைத்துக்கொள்வோம்.)

ஒக்கவாங்கோ ஆறு கடலுக்குப் போவதில்லை. அங்கோலாவின் மேட்டு நிலத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை பெய்யும் மழை, நமீபியாவின் ஓர் ஓரத்தைக் கடந்து, மொஹெம்போவில் போட்ஸ்வானாவுக்குள் நுழைந்து, கலஹாரி மணலில் விரிந்து காய்ந்து போகிறது. ஏறத்தாழ 250 கிலோமீட்டருக்குச் சரிவு 60 மீட்டர்தான். அதனால் வெள்ளம் பாய்வதில்லை, ஊர்கிறது. தலைமடையில் ஏப்ரல் வாக்கில் நிறையும் தண்ணீர், கடைமடையான மாவுன் ஊரை எட்ட ஜூன், ஜூலை ஆகிவிடும். உள்ளூரில் ஒரு சொட்டு மழை இல்லாத குளிர்காலத்தில்தான் டெல்டா ததும்புகிறது. 'மழைக்காலம் முடிந்துவிட்டது, தரை காய்ந்திருக்கும், சிங்கம் பார்க்கலாம்' என்று ஜூலைக்குப் பதிவு செய்பவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஆழத் தண்ணீருக்கு நடுவே உள்ள தீவு கேம்ப்களில் அந்த மாதங்களில் ஜீப் ஓட்டத் தரையே மிஞ்சாமல் போகலாம். மோட்டார் படகும், கழி ஊன்றித் தள்ளும் மொகோரோ ஓடமும்தான். லெச்வி மான், மீன்கொத்தி, நீர்யானை எல்லாம் தாராளம். பெரிய பூனைகள் குறைவு. ஓரத்து மேட்டு கேம்ப்களில் தலைகீழ்: ஜீப்பில் சிங்கம், சிறுத்தை, காட்டுநாய், ஆனால் அக்டோபருக்குள் தண்ணீர் வற்றி மொகோரோ நின்றுவிடும். 2011இல் டெல்டா நிரம்பி வழிந்தது, 2019இல் காய்ந்து கிடந்தது. அதனால் 'மொகோரோ உண்டு' என்ற விளம்பர வரியை நம்பாமல், இந்த ஆண்டு வெள்ளம் எப்படி என்று பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு மறுபடி கேளுங்கள். ஆறு இரவு இருந்தால் மூன்று தண்ணீரில், மூன்று தரையில். ஒவ்வொரு இரவும் ஓர் இடம் என்று தாவுவது வீண். ஒரு முறை கேம்ப் மாறினால் அரை நாள் போய்விடும்.

மொகோரோ என்பது ஒற்றை மரத்தைக் குடைந்த ஓடம். இப்போது பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ், அதனால் மரம் பிழைக்கிறது. இரண்டு பேர் உட்கார, ஓட்டுபவர் பின்னால் நின்று நீளக் கழியால் ஊன்றித் தள்ளுவார். நீர்யானைக்குப் பயந்து ஆழமில்லாத பக்கமாகவே போவார். கண் அல்லிப்பூ மட்டத்தில் இருக்கும். நாணலில் ஒட்டிய விரல்நுனி அளவுத் தவளையைக் காட்டுவார். அதில் உட்கார்ந்து சிங்கத்தை எதிர்பார்ப்பது அநியாயம்.

அடுத்த கேள்வி: கேம்ப் மொரேமி சரணாலயத்துக்குள்ளா, தனியார் குத்தகை நிலத்திலா? மொரேமி 1963இல் பாட்டவானா மக்கள் தாங்களே முன்வந்து ஒதுக்கிய காடு. அருமையான இடம், ஆனால் பாதையை விட்டு ஜீப்பை இறக்கக் கூடாது, இருட்டிய பின் சுற்றக் கூடாது. சிறுத்தை புதருக்குள் போனால் போனதுதான். குத்தகை நிலங்களில் பின்தொடரலாம், இரவில் விளக்கடித்துப் பார்க்கலாம், காவலோடு நடக்கலாம். கூடுதல் காசு கொடுப்பதாக இருந்தால் இதற்குக் கொடுங்கள், நீச்சல் தொட்டிக்கு அல்ல. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். மூன்று வரிசையில் ஆறு பேர் என்றால் எல்லோருக்கும் ஓர இருக்கை; ஒன்பது என்றால் நடுவில் இருப்பவர் பக்கத்து ஆள் தோளைத்தான் படம் பிடிப்பார்.

மாவுனிலிருந்து கேம்ப்புக்குக் குட்டி விமானம். கேமராவும் கைப்பையும் சேர்த்து ஆளுக்கு 20 கிலோ, சில விமானங்களில் 15தான். பை துணியில், சக்கரமும் கெட்டிச் சட்டகமும் இல்லாமல் இருக்க வேண்டும். வயிற்றுப் பகுதியின் சின்ன அறைக்குள் அமுக்கித்தான் திணிக்கிறார்கள், கெட்டிப் பெட்டி நுழையாது. 100 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்கள் பதிவின்போதே சொல்லிவிடுங்கள், கூச்சம் வேண்டாம். அக்டோபர் மதியத்தில் வெப்பக் காற்று விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். காலை விமானம் கேளுங்கள், இல்லையென்றால் வாந்தி மாத்திரை. துணி பல கேம்ப்களில் தினமும் துவைத்துத் தருவார்கள், மூன்று செட் போதும். உள்ளாடையை மட்டும் பல இடங்களில் வாங்க மாட்டார்கள், குளியலறையில் சோப்புத்தூள் வைத்திருப்பார்கள்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று மெல்லிய சட்டையோடு போகாதீர்கள். ஜூலையில் காலை ஆறு மணிக்குத் திறந்த ஜீப்பில் 5 டிகிரியும் எதிர்க்காற்றும். குல்லா, கையுறை, தடித்த ஜாக்கெட் வேண்டும். 'கருநீலம் உடுத்தாதே, செட்சி ஈ (தூக்க நோயைப் பரப்பும் கடி ஈ) வரும்' என்பது பழைய பாட்டு; 2001, 2002இல் வானிலிருந்து மருந்து தெளித்து டெல்டாவில் அதை ஒழித்தாயிற்று. மலேரியா ஒழியவில்லை. மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போகிறவர்கள் 10 நாள் முன்பே மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். காட்டு ஓடுதளங்களில் விளக்கு கிடையாது, இரவில் நோய் வந்தால் விடியும்வரை விமானம் வராது. விமான மீட்பு அடங்கிய காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

சைவர்களுக்கு ஒன்று. 'வெஜிடேரியன்' என்று எழுதினால் போதாது. முட்டை வேண்டாம், மீன் வேண்டாம், சிக்கன் சூப்பும் வேண்டாம் என்று பதிவின்போதே தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். சாமான் மாவுனிலிருந்து லாரியிலோ விமானத்திலோ வருகிறது. போய் இறங்கிய பிறகு தயிர் கேட்டால், அடுத்த லோடு வருவதற்குள் நீங்கள் ஊர் திரும்பியிருப்பீர்கள்.